எழுத்து உண்டா, ஐயா?



பனியன் தொழிலை நாடித் திருப்பூருக்குப் பல ஊர்க் குடும்பங்கள் வந்து குடியேறுவதை நீங்கள் அறிவீர்கள். நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், மதுரையிலிருந்து வந்த நெசவாளர் வீட்டுச் சிறுவன் ஒருவன், "ஐயா, நாங்கள் வீட்டில் பேசும் மொழிக்கு எழுத்து உண்டா?" என்று வினவினான். "அது வெறும் பேச்சுமொழி, தம்பி" என்றேன். அவன் முகம் வாடிற்று. நான் கூறியது பிழை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அவன் பேசியது சௌராட்டிர மொழி. அது குசராத்தி, மராத்தி ஆகியவற்றோடு உறவுடையது. பட்டு நெசவில் வல்ல அம்மக்கள் மேற்கு இந்தியாவிலிருந்து பெயர்ந்து வந்து, மதுரை, சேலம், பரமக்குடி, கும்பகோணம் முதலிய ஊர்களில் நிலைபெற்றனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் அதனைத் தாய்மொழியாகக் கூறினர். மதுரை நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) அம்மொழியில் பக்திப் பாடல்கள் பல இயற்றினார்.

அம்மொழியைத் தமிழ் எழுத்தால் எழுதுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நமக்குக் ககரம் ஒன்றே. அம்மொழியிலோ அவ்விடத்தில் நான்கு ஒலிகள். ஆதலால் சிலர் தமிழ் எழுத்தோடு 2, 3, 4 என்னும் சிறிய எண்களைச் சேர்த்து எழுதினர்; வேறு சிலர் தெலுங்கு எழுத்தையோ தேவநாகரியையோ கையாண்டனர். இவற்றினும் மேலாக, அம்மொழிக்கெனத் தனி எழுத்தே இருந்தது! தொ. மு. இராமராய் என்பார் அதனைச் சீர்திருத்திப் பாடநூல்களை அச்சிட்டார். 2008-இல் அவ்வெழுத்து கணினிக்குரிய யூனிக்கோடு முறையிலும் இடம்பெற்றது.

ஆயினும், அதனைப் படிக்கத் தெரிந்தோர் சிலரே. காரணம் யாது? பிள்ளைகள் பள்ளியில் பயில்வது தமிழும் ஆங்கிலமும். ஆப்பிரிக்காவிலும் இந்நிலையைக் காணலாம். தன்சானியா நாட்டின் சுகுமா, நியாம்வேசி என்னும் உறவு மொழிகளை இலட்சக்கணக்கானோர் பேசுகின்றனர். அவற்றை எழுத இலத்தீன் எழுத்தும் உண்டு. எனினும், தொடக்கப் பள்ளியில் அப்பிள்ளைகள் பயில்வது சுவாகிலி மொழியில்தான்.

எழுத்து இருத்தல் மட்டும் போதாது. எழுதுவோரும் படிப்போரும் வேண்டும். உங்கள் வீட்டுமொழி எதுவாயினும், பாட்டியார் கூறும் பழமொழிகளை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள்.

அச்சிறுவன் இன்று எங்கிருப்பினும், அவனுக்கு என் திருத்திய விடை இது: "உண்டு, தம்பி!"