எல்லை நகரத்து வழக்கறிஞர்

பிரான்சு நாட்டின் வடகிழக்கில், மோசெல் ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம் மெட்ஸ். 1871இல் ஜெர்மனி அதைத் தனதாக்கிக் கொண்டது. 1918இல் பிரான்சு மீட்டது. 1940இல் மீண்டும் ஜெர்மனி. 1944இல் மீண்டும் பிரான்சு. பிறந்த வீட்டைவிட்டு நகராத முதியவர் ஒருவர்கூட அங்கே நான்கு முறை நாடு மாறியிருப்பார்.

அந்நகரில் 1912ஆம் ஆண்டு ராபர்ட் ஷூமான் என்னும் இளைஞர் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். 1886இல் லக்சம்பர்கில் பிறந்தவர். தந்தையார் லொரேன் பகுதியினர். சட்டம் பயின்றதோ ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில். தாயை இழந்தபின் குருத்துவ வாழ்வை நாடிய அவரை, பொதுநிலையினராகவே தொண்டாற்றும்படி நண்பர் ஒருவர் தூண்டினார். இறுதிவரை மணம் புரியாது, திருப்பலியை நாள்தோறும் நாடி வாழ்ந்தார்.

1919இல் அவர் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மீட்கப்பட்ட மக்களுக்கு எந்தச் சட்டம் என்பதே அன்றைய சிக்கல். பிரெஞ்சுச் சட்டத்தை அப்படியே திணித்தால், தொழிலாளர் பெற்றிருந்த காப்பீட்டு உரிமைகளும், திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே 1801இல் ஏற்பட்ட உடன்பாடும் அழிந்துபோகும். இரு சட்டங்களையும் அருகருகே வைத்து, எதை ஏற்பது, எதைக் காப்பது என ஷூமான் பொறுமையுடன் உழைத்தார். 1924இல் உருவான அந்த ஏற்பாடு, மாற்றங்களோடு, இன்றும் நிலைத்திருக்கிறது.

அவர் வாழ்வில் நிழலும் உண்டு. 1940 ஜூலையில் மார்ஷல் பெத்தேனுக்கு முழு அதிகாரம் அளித்த தீர்மானத்துக்கு அவரும் வாக்களித்தார். போருக்குப்பின் அது அவரது பொதுவாழ்வுக்குத் தடையாக எழுந்தது. 1945இல் தான் அத்தடை நீங்கியது. அதே 1940 செப்டம்பரில் நாசிக் காவலர் அவரைச் சிறையிலிட்டனர் என்பதும் வரலாறே. 1942இல் தப்பிய அவருக்குத் துறவற மடங்கள் புகலிடம் தந்தன.

சிறையிலிட்ட நாட்டை அவர் பின்னர் எவ்வாறு நோக்கினார்? 1950 மே 9 அன்று, பிரான்சின் வெளியுறவு அமைச்சராக, இரு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின்கீழ் வைக்க முன்மொழிந்தார். திட்டத்தை வரைந்தவர் ஜான் மொனே. அதை ஏற்று அரசியல் பொறுப்பைத் தோளில் சுமந்தவர் ஷூமான். ஜெர்மன் தலைவர் அடேனாவர் உடனே இசைந்தார். 1951இல் ஆறு நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பீரங்கி வார்க்க எஃகு வேண்டும். எஃகுக்கு நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுவானபின் மறைவாகப் படை திரட்டுவது எங்ஙனம்?

மன்னிப்பை நாம் பெரும்பாலும் உள்ளத்தின் நெகிழ்ச்சியாகவே கருதுகிறோம். ஷூமான் அதற்குச் சட்ட வடிவம் தேடினார். ஓர் ஊரில் இரு தெருவார் பகைத்தால், அவர்களைக் கைகுலுக்கச் செய்து அனுப்பிவிடுவது எளிது. தேருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் இரு சாராரையும் கட்டும் பொது ஒழுங்கை எழுதி, கணக்கைத் திறந்து வைப்பதே அரிது. அது எழுதப்படாதவரை, அடுத்த திருவிழாவில் பழம்பகை மீண்டும் தலைதூக்கும்.

1963இல் மெட்ஸ் அருகிலுள்ள சி-ஷாசெல் சிற்றூரில் ஷூமான் மறைந்தார். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக ஏற்றார். பீடத்தருகே நின்றவரன்று அவர், கோப்புகளுக்கிடையே அமர்ந்தவர். பகைவர் இருவரும் கையொப்பமிடக்கூடிய வாசகத்தைத் தேடுவதும் நற்செய்திப் பணியே என்பதை நாம் அவரிடம் கற்கலாம்.