தொன்மை வாகனக் காப்பீடு

தொன்மை வாகனக் காப்பீடு (இலங்கை வழக்கில் காப்புறுதி) என்பது பழமையாலும் அருமையாலும் மதிப்புப் பெற்ற மகிழுந்து, மோட்டார் சைக்கிள் முதலிய ஊர்திகளுக்கு வழங்கப்படும் காப்பீடு ஆகும். பொதுவான வாகனக் காப்பீட்டில் ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்பட்டு ஊர்தியின் மதிப்பு குறைக்கப்படுகிறது. நன்கு பேணப்பட்ட தொன்மை வாகனத்தின் விலையோ பல சமயங்களில் காலம் செல்லச் செல்ல உயர்கிறது. ஆகவே இவ்வகைக் காப்பீட்டிற்கு ஊர்தியின் வயதைவிட முறையான மதிப்பீடே அடிப்படையாக அமைகிறது.

மதிப்பின் வகைகள்

காப்பீட்டில் ஊர்தியின் மதிப்பு மூன்று முறைகளில் குறிக்கப்படுவதுண்டு.

* சந்தை மதிப்பு: இழப்பு நேர்ந்த நாளில் ஊர்திக்கு இருந்த விலை, தேய்மானம் கழித்துக் கணக்கிடப்படும்.
* கூறப்பட்ட மதிப்பு: உரிமையாளர் ஒரு தொகையைக் கூறுவார். அமெரிக்காவில் வழங்கும் இம்முறையில், அத்தொகை, சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் குறைவானதையே நிறுவனம் வழங்கலாம்.
* ஒப்புக்கொண்ட மதிப்பு: இரு தரப்பினரும் முன்னரே ஒப்புக்கொண்ட தொகை, முழு இழப்பின்போது தேய்மானக் கழிவின்றி வழங்கப்படும்.

தொன்மை வாகனங்களுக்கு மூன்றாவது முறையே ஏற்றதாகும்.

மதிப்பீடு

மதிப்பீட்டாளர் முதலில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு ஒத்துள்ளனவா எனச் சரிபார்ப்பார். தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட எஞ்சினையே இன்றும் கொண்டுள்ள ஊர்தி, எஞ்சின் மாற்றப்பட்ட ஊர்தியைவிடக் கூடுதல் மதிப்புப் பெறும். அடுத்து, உதிரி உறுப்புகளின் அசல் தன்மை, துரு, வண்ணப்பூச்சு, உள்ளமைப்பு, ஓட்டநிலை ஆகியவை ஆராயப்படும். முந்தைய உரிமையாளர்களின் வரலாறும், தயாரிக்கப்பட்ட எண்ணிக்கையும், ஒத்த ஊர்திகள் அண்மையில் விற்ற விலையும் கருதப்படும். இரண்டே இரண்டு மட்டும் செய்யப்பட்ட 1955 ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே வகையில் ஒன்று 2022 இல் 13.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது.

புதுப்பிக்கச் செலவான தொகையும் மதிப்பும் ஒன்றல்ல. பத்து இலட்சம் செலவிட்டுப் புதுப்பித்த ஊர்தி சந்தையில் ஆறு இலட்சத்திற்கே விலைபோகக்கூடும். எனினும் செலவுச் சீட்டுகளும் நிழற்படங்களும் ஊர்தியின் நிலைக்குச் சான்றாகும்.

இந்தியாவில்

2002 ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பு, ஐந்து ஆண்டுகள் வரையிலான ஊர்திகளுக்குத் தேய்மான விழுக்காட்டை அட்டவணைப்படுத்தியது. அதற்கு மேற்பட்டவற்றின் மதிப்பை இரு தரப்பினரும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்றது. ஒப்புக்கொண்ட மதிப்புக் காப்பீட்டை விண்டேஜ் மகிழுந்துகளுக்கு மட்டுமே அனுமதித்தது. 31-12-1940 க்கு முன் தயாரிக்கப்பட்டு, இந்திய விண்டேஜ் மற்றும் கிளாசிக் கார் சங்கத்தின் சான்று பெற்றவையே அதன்படி விண்டேஜ் மகிழுந்துகள். சொந்தச் சேதத்திற்கான கட்டணம் 2007 முதல் நிறுவனங்களின் முடிவுக்கு விடப்பட்டது.

2021 இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் வேறொரு வரையறையைத் தந்தன. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர ஊர்திகள் விண்டேஜ் எனப் பதியப்படலாம். புதிய பதிவுக்கு ரூபாய் 20,000 கட்டணம்; பதிவு 10 ஆண்டுகள் செல்லும். இவற்றின் பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ இவற்றைப் பயன்படுத்தலாகாது. 2022 இன் மூன்றாம் தரப்புக் காப்பீட்டு விதிகள், விண்டேஜ் எனப் பதிந்த தனியார் மகிழுந்துகளுக்குக் கட்டணத்தில் 50 விழுக்காடு தள்ளுபடி அளித்தன.

இவ்விரு வரையறைகளும் பொருந்துவதில்லை. சென்னையில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு 2021 விதிப்படி விண்டேஜ் ஆகலாம். 2002 விதித்தொகுப்பின்படி ஆகாது. எனவே விண்டேஜ் பதிவு பெற்றதாலேயே ஒப்புக்கொண்ட மதிப்புக் காப்பீடும் கிடைத்துவிட்டதாகக் கொள்ள இயலாது. காப்பீட்டுப் பத்திரத்தின் சொற்களே அதை உறுதிசெய்யும்.

முழு இழப்பும் பகுதிச் சேதமும்

இந்திய வழக்கில், பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 20 இலட்சம் ரூபாய் பெறுமதியுள்ள மகிழுந்து 10 இலட்சத்திற்கே காப்பீடு செய்யப்பட்டு, விபத்தில் 9 இலட்சத்திற்குச் சேதமுற்றதாகக் கொள்ளலாம். இது 90 விழுக்காடு ஆவதால் முழு இழப்பாகிவிடும். 20 இலட்சத்திற்குக் காப்பீடு செய்திருந்தால் 45 விழுக்காடே ஆகியிருக்கும்; ஊர்தியைப் பழுதுபார்த்திருக்கலாம். குறைத்து மதிப்பிடுவதால் இழப்பீட்டுப் பணம் மட்டுமன்றி ஊர்தியே கைவிட்டுப் போகக்கூடும். சிதைந்த ஊர்தியை உரிமையாளரே வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் எஞ்சிய மதிப்பு இழப்பீட்டில் கழிக்கப்படும்.

பகுதிச் சேதத்தில் நிலைமை வேறு. ஒப்புக்கொண்ட மதிப்பு முழு இழப்புக்கே தேய்மானத்தை விலக்குகிறது. 2002 விதித்தொகுப்பின்படி, பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊர்தியில் மாற்றப்படும் உலோக, மர உறுப்புகளின் விலையில் 50 விழுக்காடு கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. கிடைத்தற்கரிய உதிரி உறுப்புகளுக்கு இதுவே உரிமையாளருக்குப் பெருஞ்சுமையாகிறது.

சந்தை விலை மாறுவதால், ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் மதிப்பீட்டை மறுபார்வை செய்வது தேவையாகிறது.