பட்டியலில் இல்லாத அபாயம்: எல்சா 3 விபத்தும் பாறசாலை எல்லைக் கரையும்

2025 மே 23 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மறுநாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 25ஆம் தேதி மூழ்கியது. 1997இல் கட்டப்பட்ட, லைபீரியக் கொடி பறந்த கப்பல் அது. பணியாளர் 24 பேரும் உயிர் தப்பினர். கப்பலில் இருந்த 640 கொள்கலன்களில் அபாயச் சரக்கு ஏற்றியவை 13 என்றும், கால்சியம் கார்பைடு ஏற்றியவை 12 என்றும் அதிகாரிகள் அறிவித்தார்கள். ஒதுங்கும் பெட்டிகளை நெருங்க வேண்டாம், 200 மீட்டர் தள்ளியே நில்லுங்கள் என்று கரைவாசிகளுக்கு எச்சரிக்கை போயிற்று. ஆனால் கொல்லம், திருவனந்தபுரம் கரைகளிலும், எல்லை தாண்டிக் குமரி மாவட்டக் கரையிலும் வாரக்கணக்கில் வந்து சேர்ந்தவை வெண்மணிகளாகக் கிடந்த பிளாஸ்டிக் குருணைகள். பன்னாட்டு விதிப்படி அவை அபாயச் சரக்கே அல்ல. கரையை எச்சரிக்க உதவிய பட்டியல் கப்பலைக் காப்பதற்காகவே வகுக்கப்பட்டது என்பதும், அதன் விளைவு மாநில எல்லையில் இரட்டிப்பாகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வேதிப்பொருள்களைப் பொதிந்து கடல்வழி அனுப்புவதை ஆள்வது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் அபாயச் சரக்கு விதித்தொகுப்பு. 1965இல் ஏற்கப்பட்ட இது, 2004 ஜனவரி 1 முதல் கட்டாயம். வெடிபொருள் முதல் பல்வகைப் பொருள் வரை ஒன்பது வகுப்புகள். நீர் பட்டால் அசெட்டிலீன் வாயுவைக் கக்கும் கால்சியம் கார்பைடு 4.3ஆம் பிரிவில் வரும். நைட்ரிக் அமிலம் முதன்மையாக 8ஆம் வகுப்பு. இந்த வரிசையில் கடலுயிர்க்குக் கேடான பொருள்களுக்கும் தனிக் குறி உண்டு. ஆனால் அதன் முதன்மை அளவுகோல் நச்சுத்தன்மை. நச்சில்லாத ஒன்று கரையாமல், மட்காமல், மணலோடு மணலாகக் கலந்து கிடப்பதை அது கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு நுட்பம் இதைத் தெளிவாக்கும். தெர்மகோல் செய்யப் பயன்படும், ஊதிப் பெருகக்கூடிய பாலிஸ்டைரீன் மணிகள் 9ஆம் வகுப்பில் உள்ளன. காரணம், அவற்றிலிருந்து கசியும் எரியக்கூடிய ஆவி மூடிய பெட்டியில் தீப்பற்றலாம். ஆவி கசியாத பாலிஎத்திலீன் மணிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கடலில் கொட்டினால் இரண்டும் ஒரே மாதிரிதான் மட்காமல் கிடக்கும். பட்டியலிட்டவர்களின் கண் கரையில் இல்லை, சரக்கு அறையில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இது 2025இல் தெரியவந்த குறை அன்று. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அருகே தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 கொள்கலன்கள். அவற்றில் 81 அபாயச் சரக்கு. சுமார் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலம் கசிந்த பெட்டியை இறக்கக் கத்தாரின் ஹமத் துறைமுகமும் குஜராத்தின் ஹசீராவும் முன்வரவில்லை. தீயைக் குறித்த விவாதம் பெரும்பாலும் அமிலத்தைச் சுற்றியே நடந்தது. இலங்கையின் மேற்குக் கரையை மூடியதோ ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணை. அமிலம் கடலில் நீர்த்துப்போய்விடும்; குருணை அப்படிப் போகாது.

அதன்பின் 2024 மார்ச்சில் கடல்சார் அமைப்பின் சூழல் பாதுகாப்புக் குழு குருணைச் சரக்குக்கு ஒரு பரிந்துரை வெளியிட்டது: நல்ல பொதிவு, கப்பலுக்குத் தெளிவான அறிவிப்பு, இயன்றவரை தளத்தின் கீழே அடுக்குதல். கட்டாயம் இல்லை. கட்டாயமாக இருந்தாலும் எல்சா 3இல் எவ்வளவு உதவியிருக்கும் என்பது ஐயமே. தளத்தின் கீழே அடுக்குவது பெட்டி சரிந்து கடலில் விழுவதைத் தடுக்கும். கப்பலே மூழ்கினால் எல்லாம் சேர்ந்துதான் போகும். ஆகவே அடுக்கும் விதியைக் காட்டிலும் பொறுப்பேற்கும் விதியே முக்கியம் என்று கருதுகிறேன். குருணையை அபாய வகுப்பில் சேர்த்தால் கட்டணம் ஏறும், பொய் அறிவிப்பு பெருகும் என்று வணிகத் தரப்பில் வரும் மறுப்பை முற்றாகத் தள்ள முடியாது. பொய் அறிவிப்பு ஏற்கெனவே கப்பல் தீவிபத்துகளுக்குக் காரணமாகியிருக்கிறது. ஆனால் வகுப்பில் சேர்ப்பது வேறு, கொட்டினால் யார் கொடுப்பது என்று முன்பே எழுதி வைப்பது வேறு.

எழுதி வைக்கும் இடமும் பழுதாகவே இருக்கிறது. அபாயகரமான, கேடான பொருள்களால் விளையும் சேதத்துக்கு இழப்பீடு தர 1996இல் ஓர் உடன்படிக்கை உருவானது, 2010இல் திருத்தப்பட்டது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும், பொதிந்த சரக்கைப் பொறுத்தவரை எது கேடானது என்பதை அது மேற்சொன்ன அபாயச் சரக்குத் தொகுப்பைப் பார்த்தே முடிவு செய்கிறது. குருணை அங்கும் வெளியேதான் நிற்கும்.

இனி எல்லைக்கு வருவோம். விழிஞ்ஞம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ளது. 2024 டிசம்பரில் வணிக இயக்கம் தொடங்கி, 2025 மே 2 அன்று பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட துறைமுகம்; மூன்றே வாரத்தில் இந்த விபத்து. அங்கு நடப்பது பெரும்பாலும் கப்பலுக்குக் கப்பல் சரக்கு மாற்றுவது. அந்தப் பெட்டிகள் ஊருக்குள் வருவதில்லை. எந்த வேதிப்பொருள் எப்போது கடக்கிறது என்பது கரையூர்களான பூவாறிலோ பொழியூரிலோ வலை உலர்த்துபவர்க்குத் தெரிய வழியில்லை. வேளியிலுள்ள டைட்டானியம் ஆலையிலிருந்து 2021 பிப்ரவரியில் உலை எண்ணெய் கடலில் கலந்தபோது ஆலைக்கு ஒரு முகவரி இருந்தது. கேட்க ஒரு வாசல் இருந்தது. மாற்றுச் சரக்குக்கு அந்த வாசல் இல்லை.

கேரள எல்லை ஊரான பாறசாலைக்குத் தெற்கே பொழியூர் முடிந்தால் தமிழகத்தின் நீரோடி. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்கும், தமிழர் ஒரு சாரார் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போனதில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே விழுந்த கோடு அது. தென்மேற்குப் பருவத்தில் மேலைக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கியே ஓடும். கப்பல் மூழ்கிய ஆலப்புழைக் கடலில் கொட்டியது இந்தக் கோட்டைக் கடக்க யாரிடமும் அனுமதி கேட்காது. நிவாரணம் கேட்கும். மே 29 அன்று கேரளம் இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. திருவனந்தபுரம் முதல் எர்ணாகுளம் வரை நான்கு மாவட்ட மீனவக் குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும் அறிவிக்கப்பட்டன. அந்தக் கணக்கு பொழியூரோடு நின்றது. மீன்பிடித் தடைக்காலமும் இரு பக்கமும் ஒன்றல்ல. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாள். தமிழக மேலைக் கரையில் ஜூன் 1 முதல் 61 நாள். ஒரே கப்பலால் விசைப்படகுக்காரர் இழந்த நாள்கள் அடுத்தடுத்த ஊர்களில் வேறு வேறு எண்ணாகின்றன.

கேரள உயர் நீதிமன்றத்தில் அம்மாநில அரசு கோரியது 9,531 கோடி ரூபாய். அதில் மீனவர் இழப்புக்கு 526.51 கோடி, அதாவது நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. அதே குழுமத்தின் அகிடெட்டா 2 என்ற கப்பலை விழிஞ்ஞத்திலேயே சிறைப்பிடிக்க உத்தரவிட்ட நீதிமன்றம், பின்னர் 1,227.62 கோடி ரூபாய் பிணை நிர்ணயித்தது. இங்கே கவனிக்க வேண்டியது 2017ஆம் ஆண்டின் இந்தியக் கடலாண்மைச் சட்டம். சுற்றுச்சூழலுக்கோ கரைக்கோ கப்பல் விளைவிக்கும் சேதத்தை அது நேரடியாகக் கோரிக்கைப் பொருளாக ஏற்கிறது. சரக்கு எந்த வகுப்பு என்று கேட்பதில்லை. பன்னாட்டுப் பட்டியலைவிட நம் சட்டம் கரைக்கு நெருக்கமானது.

இச்சட்டப்படி விசாரிக்கும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உண்டு. குமரிக் கரைக்கான கோரிக்கை கேரள வழக்கின் வாலாகத் தொங்க வேண்டியதில்லை. ஆனால் சான்று கோட்டின் இரு பக்கமும் ஒரே முறையில் திரட்டப்பட வேண்டும். குருணை வரும் 25 கிலோ சாக்குகளில் தயாரித்த நிறுவனம், ரகம், தொகுதி எண் ஆகியவை வழக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். பொழியூரில் எடுத்த சாக்கும் நீரோடியில் எடுத்த சாக்கும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்ட முடிந்தால், சேதம் ஒன்றே என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்கும். கரையைச் சுத்தம் செய்பவர்கள் அந்தச் சாக்குகளைக் குப்பையோடு அள்ளிவிடாமல், தேதியும் இடமும் குறித்துத் தனியே வைக்க, இரு மாவட்டப் பேரிடர் நிர்வாகங்களும் ஒரே படிவத்தில் உத்தரவிட்டால் போதும்.