திகதியில்லாக் காயம்

பூனாகலை மலையிற் பாடஞ் சொல்லும் எமக்குக் கடல் தொலைவானது. ஆயினும் இம்மலையின் மக்கள் பாக்குநீரிணையைக் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களே. அவர்கள் பறித்த கொழுந்து இறாத்தல் கணக்கில் ஏட்டிலேறியது. உழைப்பு உடலில் விட்ட வடு ஏறவில்லை. கடலில் உழைப்போரின் வரலாறும் இதற்கு வேறானதன்று.

விரைந்தோடும் படகு அலைமுகட்டில் எழும்பி, மறுகணம் நீர்ப்பரப்பில் மோதி வீழ்கிறது. தலையில் எதுவும் அடிப்பதில்லை; எனினும் உடல் அதிர, மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதக்கும் மூளையும் குலுங்குகிறது. ஒரு குலுக்கல் பெரிதன்று. ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆயிரமாயிரம் குலுக்கல்கள் மெல்லிய நரம்பிழைகளைச் சிதைக்கக்கூடும். அமெரிக்கக் கடற்படையின் அதிவேகப் படகுகளிற் பணியாற்றியோர் பலர் நினைவு குன்றியும் மனஞ்சோர்ந்தும் வாடுவதை 2024இல் 'நியூயோர்க் டைம்ஸ்' ஏடு வெளிக்கொணர்ந்தது.

இத்தகைய காயத்தின் வரலாறு பழையது. இரயில் விபத்துகளில் வெளிக்காயமின்றித் தப்பியோரின் நரம்புத் துன்பத்தை லண்டன் மருத்துவர் ஜோன் எரிக் எரிக்சன் 1866இல் நூலாக்கினார். அதற்குப் பெரும்பாலும் அச்சமே காரணமென்று 1883இல் மறுத்தெழுதிய ஹேர்பேர்ட் பேஜ், இரயில் கம்பெனியொன்றின் மருத்துவர்! குத்துச்சண்டை வீரரின் மூளைத் தளர்ச்சியை மார்ட்லண்ட் 1928இல் விளக்கினார். அமெரிக்கக் காற்பந்து வீரரொருவரின் மூளைச் சிதைவை பெனற் ஒமாலு 2005இல் வெளியிட்டபோது, அவ்விளையாட்டுச் சம்மேளனத்தின் மருத்துவர்கள் கட்டுரையை மீளப்பெறுமாறு கோரினர். துன்புறுபவன் முதலிற் பேசுகிறான். இலாபம் பெறுபவன் மறுக்கிறான். உண்மை ஈற்றில் வருகிறது.

இலங்கையின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் 1934இல் பிறந்தது. விபத்தே அதன் அடிப்படை. விபத்துக்கு நாளுண்டு, திகதியுண்டு. சிறுகச் சிறுகச் சேரும் குலுக்கலுக்கு எந்தத் திகதியை எழுதுவது? மன்னாரிலும் முல்லைத்தீவிலும் மோட்டார் பூட்டிய பைபர் படகில், மீனில் ஒரு பங்கையே கூலியாகக் கொண்டு கடலேறும் தொழிலாளி, யாரை முதலாளியெனக் காட்டி நட்டஈடு கேட்பான்?

அதிர்வு தாங்கும் இருக்கையும், வேகக் கட்டுப்பாடும், ஓய்வும் எட்டாக் கனிகளல்ல. ஆயினும் அவற்றுக்கு முன் வேண்டுவது ஓர் ஏடு: பிடித்த மீனின் நிறையோடு, பிடித்தவனின் உடல்நிலையையும் எழுதும் ஏடு. கொழுந்தின் நிறையை மட்டுமே எழுதிய ஏட்டின் கொடுமையை அறிந்த மலையகம், கடலோரத்தின் இக்கோரிக்கையைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும்.