காத்திருந்தவர், கடல் கடந்தவர், மதராஸ் வந்தவர்

ஒரு ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகள் போன் பண்ணினாள். நீட் இரண்டாவது தடவை எழுதி ரிசல்ட் வந்திருந்தது. முதல் தடவையைவிட மார்க் நன்றாகவே கூடியிருந்தது, ஆனால் அரசுக் கல்லூரிக்குப் போதாது.

"மாமா, பிஷ்கெக்ல சீட் வாங்கித் தரேன்னு ஏஜெண்ட் சொல்றார். அம்மா இன்னொரு வருஷம் எழுதிப் பாருங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் சாஃப்ட்வேர்க்காரன். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், எக்செல் ஷீட் போட்டேன். ஒரு பக்கம் கிர்கிஸ்தான்: குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருடப் பயிற்சி, திரும்பி வந்ததும் 300க்கு 150 எடுக்க வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு, அதன் பிறகு இங்கே மறுபடி ஒரு வருடப் பயிற்சி. இன்னொரு பக்கம் வீடு: கோச்சிங் கட்டணம், ஒரு வயது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் எப்போது நிறுத்துவது என்று தெரியாத ஒரு வரிசை. கடைசியில் 'மொத்தம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் போட என்னிடம் எதுவும் இல்லை.

அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல்தான் பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கேள்வி ஒன்றும் புதிதில்லை. 1882, 1883 என்ற இரண்டே ஆண்டுகளில், கல்கத்தாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்த மூன்று இளம்பெண்கள் இதே கேள்விக்கு மூன்று வெவ்வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் மதராஸ் வந்தார். ஒருவர் அமெரிக்கா போனார். ஒருவர் ஊரிலேயே இருந்து கதவைத் தட்டினார்.

மூவருக்கும் பிரச்சினை ஒன்றுதான். கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835ல் தொடங்கியது. 1882 வரை அதில் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. அதே 1835ல் தொடங்கிய மதராஸ் கல்லூரியின் கதை கொஞ்சம் வேறு. அங்கே 1875லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆண் மருத்துவரைப் பார்க்க மறுத்துச் சாகும் பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்று வாதாடிய சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபரின் ஆதரவு அதற்குப் பின்னால் இருந்தது. நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப், மதராஸில் வழக்கறிஞராக இருந்த ஆங்கிலேயரின் மனைவி. 1878ல் இங்கே படித்து முடித்தார். ஆனால் கிடைத்தது பட்டமில்லை, லைசென்ஷியேட் சான்றிதழ்தான். அது போதாது என்று லண்டன் போய் 1882ல் எம்.பி. பட்டம் வாங்கித் திரும்பி வந்தார். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா மருத்துவமனையைத் தெரியுமில்லையா? கோஷா ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அதன் தொடக்கம் 1885ல் இவருடைய முயற்சியில்தான்.

எனவே 1882ல் ஒரு வங்காளப் பெண் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டால் இந்தியாவுக்குள் அவருக்கு இருந்த வழி மதராஸ்தான். அபலா தாஸ் அந்த வழியில் வந்தார். பிரம்ம சமாஜத் தலைவர்களில் ஒருவரான துர்காமோகன் தாஸின் மகள். வயது பதினேழை ஒட்டி. வங்காள அரசின் உதவித்தொகை கையில் இருந்தது. கிழக்குக் கடற்கரை ரயில் பாதை அப்போது போடப்படவில்லை. பாஷை தெரியாது, சாப்பாடு வேறு, சொந்தக்காரர்கள் இல்லை. இன்றைய பார்வையில் அது உள்நாட்டுப் பயணம். அன்றைக்கு ஒரு கல்கத்தா வீட்டுக்கு மதராஸ் வெளிநாடு மாதிரிதான்.

அபலா படிப்பை முடிக்கவில்லை. உடல்நலம் கெட்டுத் திரும்பிப் போனார். 1887ல் ஜகதீஷ் சந்திர போஸைத் திருமணம் செய்துகொண்டார். பல இடங்களில் அவரைப் பற்றி இருப்பது இந்த ஒரு வரிதான்: விஞ்ஞானியின் மனைவி. மதராஸ் வருடங்கள் அடிக்குறிப்பாகிவிடுகின்றன.

ஆனந்தி ஜோஷி கதை பலருக்கும் தெரியும். 1865ல் கல்யாணில் பிறந்தவர். ஒன்பது வயதில், தன்னைவிட இருபது வயது மூத்த கோபால்ராவுடன் கல்யாணம். பதினான்கு வயதில் ஒரு ஆண் குழந்தை பிறந்து பத்தே நாளில் இறந்தது. சரியான மருத்துவம் கிடைக்கவில்லை. டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அங்கே ஆரம்பிக்கிறது என்று எல்லாரும் எழுதுவார்கள். அது உண்மைதான். ஆனால் அமெரிக்கக் கதவை முதலில் தட்டியது கோபால்ராவ். 1880ல் அவர் ஒரு அமெரிக்க மிஷனரிக்கு எழுதிய கடிதம் ஒரு மிஷன் பத்திரிகையில் அச்சாகி, நியூ ஜெர்ஸியில் தியோடிசியா கார்பெண்டர் என்ற பெண்மணி பல் மருத்துவருக்காகக் காத்திருந்தபோது கண்ணில் பட்டது. முன்பின் தெரியாத அந்தப் பெண்மணி உதவ முன்வந்தார்.

1883 பிப்ரவரியில், கல்கத்தாவுக்குச் சற்று வடக்கே உள்ள செராம்பூரின் கல்லூரி மண்டபத்தில், பதினேழு வயது ஆனந்தி ஆங்கிலத்தில் ஒரு உரை நிகழ்த்தினார். ஏன் அமெரிக்கா போகிறேன் என்பதுதான் தலைப்பு. ஊர் தன்னிடம் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து பதில் சொல்கிறார். இந்தியாவிலேயே படிக்க முடியாதா? ஏன் தனியாகப் போகிறாய்? சாதியை விட்டுத் தள்ளிவைத்தால் என்ன செய்வாய்? போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? இதுவரை எந்தப் பெண்ணும் செய்யாததை நீ ஏன் செய்ய வேண்டும்? படித்தபோது சிரிப்பு வந்தது. நூற்று நாற்பது வருடம் கழித்து எங்கள் வீட்டு வாட்ஸாப் குழுவில் பெரியப்பா கேட்டதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான், சாதி விலக்கை மட்டும் எடுத்துவிட்டால்.

முதல் கேள்விக்கான பதிலில் மதராஸ் வருகிறது. அங்கே ஒரு கல்லூரி இருப்பது எனக்குத் தெரியும் என்கிறார் ஆனந்தி. ஆனால் அங்கே பெண்களுக்குக் கிடைக்கும் படிப்பு போதாது, சொல்லிக்கொடுப்பவர்கள் பழமைவாதிகள், கொஞ்சம் பொறாமையும் உண்டு என்பது அவர் கணிப்பு. அதாவது பக்கத்தில் இருந்த கதவைப் பார்க்காமல் அவர் கப்பல் ஏறவில்லை. பார்த்தார், எடை போட்டார், வேண்டாம் என்றார். ஷார்லீப் மதராஸ் சான்றிதழோடு லண்டன் போக நேர்ந்ததை நினைத்தால், கணிப்பு அவ்வளவு தவறில்லை என்றே தோன்றுகிறது.

ஏப்ரலில் கல்கத்தாவில் கப்பல் ஏறி, ஜூன் 4ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கினார். பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தில், சேர்க்கைக்கான தகுதிகளில் சில தன்னிடம் இல்லாமல் இருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சேர்த்துக்கொண்டார்கள். 1886 மார்ச் 11ல் பட்டம். அந்த ஆண்டே கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாளராக நியமித்தார்கள். காசநோயோடு திரும்பி வந்தார். வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1887 பிப்ரவரி 26ல் புனேயில் இறந்தார். இருபத்திரண்டு வயது முடியவில்லை.

இனி மூன்றாமவர். ஆனந்தி நியூயார்க்கில் இறங்கிய அதே 1883ல், கல்கத்தா மருத்துவக் கல்லூரி விஷயத்தில் வங்காள லெஃப்டினன்ட் கவர்னர் ரிவர்ஸ் தாம்ப்ஸன் தலையிட்டார். கல்லூரிக் குழுவின் எதிர்ப்பை மீறிப் பெண்களைச் சேர்க்க உத்தரவானது. உள்ளே போனவர் காதம்பினி, பெத்யூன் கல்லூரியில் படித்து, சந்திரமுகி பாசுவோடு கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரிகளில் ஒருவரானவர். அவருடைய ஆசிரியராக இருந்து, பிறகு கணவரான துவாரகாநாத் கங்கூலி இந்தச் சேர்க்கைக்காகப் பெரிதும் போராடியவர்.

இங்கே நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சில மாதம் பொறுத்திருந்தால் ஆனந்தியும் வீட்டுப் பக்கத்திலேயே படித்திருக்கலாமே? புகையும் குளிருமான ஃபிலடெல்ஃபியா அறை தேவைப்பட்டிருக்காதே?

ஆனால் கணக்கு அப்படி வராது. காதம்பினியிடம் பி.ஏ. இருந்தது. வீட்டிலும் மிஷன் பள்ளியிலும் அங்கங்கே படித்த ஆனந்தியிடம் அது இல்லை. பட்டதாரிக்குத் திறந்த கதவு ஆனந்திக்குத் திறந்திருக்கும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. உடம்பும் அப்படித்தான். கிளம்புவதற்கு முன்பே தலைவலி, காய்ச்சல், பலவீனம் என்று கஷ்டப்பட்டவர் அவர். தூரம்தான் கொன்றது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மூன்று பேர், ஒரே காலம், ஒரே கேள்வி என்றதும் என் தொழில் புத்தி இதை ஒரு ஏ/பி டெஸ்டாகப் பார்த்துவிட்டது. மூவரும் ஆரம்பித்த இடமே வேறு என்பதை மறந்துவிட்டது.

சரி, காத்திருந்தவருக்காவது எல்லாம் சுலபமாக நடந்ததா? இறுதித் தேர்வில் ஒரு பாடத்தில் காதம்பினிக்குத் தேர்ச்சி கொடுக்கவில்லை. அதனால் 1886ல் எம்.பி. பட்டத்துக்குப் பதிலாகக் கல்லூரியே தரும் ஜி.பி.எம்.சி. என்ற தகுதிதான் கிடைத்தது. பிராக்டீஸ் செய்யலாம், ஆனால் வெள்ளைக்காரப் பெண் மருத்துவர்களுக்குச் சமமாக உட்கார முடியாது. 1891ல் வங்கபாசி பத்திரிகை அவர் நடத்தையைக் கேவலமாக எழுதியது. வழக்குப் போட்டு ஜெயித்தார்கள், ஆசிரியருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்குப் பிறகு, பெரிய குடும்பத்தையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு, 1893ல் காதம்பினி பிரிட்டன் போனார். எடின்பரோ, கிளாஸ்கோ, டப்ளின் என்று மூன்று தகுதிகளோடு திரும்பினார். பத்து வருடம் முன்பு தவிர்த்த கடலை, முப்பது வயதுக்கு மேல், தாயான பிறகு கடக்க வேண்டியிருந்தது. 1923ல் இறக்கும்வரை மருத்துவராகவே இருந்தார்.

தூரம் போனவருக்குப் பட்டம் கிடைத்தது, ஆயுள் கிடைக்கவில்லை. காத்திருந்தவருக்கு நீண்ட தொழில் வாழ்க்கை கிடைத்தது, தூரத்திலிருந்து தப்பிக்க முடியவில்லை. மதராஸ் வந்தவருக்குப் படிப்பே முடியவில்லை. அபலா அதோடு நின்றுவிடவில்லை. 1910ல் பிரம்ம பெண்கள் பள்ளியின் செயலாளர் ஆனார். 1919ல் நாரி சிக்ஷா சமிதியைத் தொடங்கி வங்காளக் கிராமங்களில் பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தார், விதவைகளுக்குத் தொழிலும் ஆசிரியர் பயிற்சியும் கொடுத்தார். விடுபட்ட ஒரு படிப்பு ஒரு வாழ்க்கையின் மொத்தத்தை எழுதிவிடவில்லை.

அதனால் முடிவை வைத்து முடிவெடுத்ததை மதிப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் மூவரிடமிருந்தும் ஒவ்வொரு கேள்வி எடுத்துக்கொண்டேன்.

காதம்பினியிடமிருந்து: காத்திருக்கும் காலத்தில் எது மாறப்போகிறது? அவர் சும்மா காத்திருக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். எதுவும் மாறாமல் காலண்டர் மட்டும் மாறினால் அதற்குப் பெயர் காத்திருப்பு இல்லை.

அபலாவிடமிருந்து: பாதியில் திரும்ப நேர்ந்தால் அதைத் தாங்க என்ன இருக்கிறது? 2022ல் உக்ரைனிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் பாதிப் படிப்போடு விமானம் ஏறி வந்ததை நாம் பார்த்தோம். தப்பு அவர்களுடையதில்லை. ஆனாலும் மிச்சப் படிப்பை எங்கே முடிப்பது என்ற சுமை அவர்கள் தலையில்தான் விழுந்தது.

ஆனந்தியிடமிருந்து எடுத்ததுதான் கஷ்டமான கேள்வி: இது யாருடைய முடிவு? மனைவி படிக்க வேண்டும் என்று வெறியாக இருந்த கோபால்ராவ் அதே வெறியில் அவரை அடித்தவரும்கூட. பத்து வயதில் கட்டையால் அடித்ததையும் நாற்காலியைத் தூக்கி எறிந்ததையும் அமெரிக்காவிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில் ஆனந்தியே அவருக்கு நினைவூட்டுகிறார். கணவர் தொடங்கி வைத்த ஆசையை, செராம்பூர் மேடையில் நின்று ஆனந்தி தன் வாயால் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்றுதான் நான் அந்த உரையைப் படிக்கிறேன். இந்தக் கடிதம் நினைவுக்கு வரும்போதெல்லாம், அது முழுக்க அப்படித்தானா என்று ஒரு சந்தேகமும் வருகிறது.

ஒரு வாரம் கழித்து மறுபடி பேசினோம். ஷீட்டை அனுப்பவில்லை. மூன்று பேர் கதையையும் சொன்னேன், மூன்று கேள்விகளையும் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பிசிக்ஸ்தான் மாமா இழுக்குது. பயாலஜி, கெமிஸ்ட்ரி ரெண்டும் ஓகே. எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை எழுதறேன். வரலைன்னா பிஷ்கெக் போறேன், அப்ப அம்மா அழக் கூடாது. இதை நீங்கதான் அம்மாகிட்ட சொல்லணும்."

"நீயே சொல்லு," என்றேன்.

அன்றைக்கே சொல்லிவிட்டாள். அக்கா அழுதாள், பிறகு சரி என்றாள். அவள் எடுத்தது சரியா என்று எனக்குத் தெரியாது. இப்போது காலை ஐந்து மணிக்கு எழுந்து பிசிக்ஸ் போடுகிறாளாம். பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்துவிட்டாள்.