உண்டியல் முதல் யுபிஐ வரை: கலந்துவிடக் கூடாத கணக்கு

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் யுபிஐ இல்லை. உதவி கேட்டோரையும் கொடுத்தோரையும் தன்னார்வலர்கள் வாட்ஸ்அப், முகநூல், இணைய அட்டவணைகள் வழியே இணைத்தனர். பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் அடைக்கலம் தந்தன. மறு ஆண்டு ஏப்ரலில் யுபிஐ அறிமுகமாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெயும் கலந்து எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தபோது, நிதி திரட்ட ஒரு கியூஆர் குறியீடே போதும் என்னும் காலம் வந்துவிட்டிருந்தது.

இந்த விரைவு அல்லாஹ்வின் அருட்கொடையே. ஆயினும், உண்டியலில் விழும் காசைப் போலவே இவ்வழி வரும் பணமும், தான் ஸகாத்தா ஸதகாவா என்று சொல்லாது. ஸகாத் பெறத் தகுதியுடையோரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையினராக வரையறுக்கிறது. எண்ணெய் வெள்ளமோ சமயம் பார்த்து வீடு புகவில்லை. பிற சமய அண்டை வீட்டாருக்கு ஸதகாவைத் தாராளமாக வழங்கலாம். ஸகாத்தையோ பெரும்பான்மை ஃபிக்ஹ் அறிஞர்கள் முஸ்லிம் ஏழைகளுக்கே உரியதாகக் கொள்கின்றனர். வரவு கலந்தால் உரிமையும் கலங்கும். ஹனஃபீ அறிஞர்கள் பைத்துல்மாலின் வருவாயை நான்கு வகையாகப் பிரித்துத் தனித்தனியே வைக்கச் சொன்னது இதனை உணர்ந்தே.

பணம் அனுப்பும் செயலியில் குறிப்பு எழுத இடமுண்டு. அதில் 'ஸகாத்' அல்லது 'ஸதகா' என எழுதுவோம். திரட்டுவோர் இரு கணக்குகள் வைத்து, வரவு செலவை ஜமாஅத்தின் முன் வைக்கட்டும், பெற்றவரின் முகத்தையன்று. அமானத்தைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.