அட்டில் முதல் அடிசில் வரை: ஓய்மா நாட்டுச் சமையற் சொற்கள்

ஆங்கிலத்தில் ‘குக்’ என்பது மிகச் சிறிய சொல். அதன் ஆட்சிப் பரப்போ மிகப் பெரிது. நீரில் வேகவைத்தாலும், நெருப்பில் சுட்டாலும், எண்ணெயில் பொரித்தாலும், ஆவியில் அவித்தாலும் அம்மொழியினர் அவ்வொரு சொல்லால் குறித்துவிடுவர். அத்தொழிலைச் செய்வோருக்கும் அதுவே பெயர். கணக்கைத் திரித்து எழுதுவதைக் கூட அச்சொல்லாலேயே சுட்டுவர். இலத்தீன் வேரில் கிளைத்த அச்சொல்லுக்கு உறவுச்சொற்கள் பல. அவற்றுள் ஒன்று தமிழ்மண்ணிலும் குடியேறியது. புதுச்சேரியிலும் ஈழத்திலும் அடுக்களையைக் குறித்து வழங்கும் ‘குசினி’ என்பது ஐரோப்பிய மொழிகளின் வழியே வந்த அவ்வேரின் கிளையே ஆகும்.

இவ்வாங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நிகர் யாது? ‘சமை’ என்பதே உடனே தோன்றும் விடை. அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள், பல பொருள்களைக் குறிக்கும் ஒரு சொல் எனத் திரிசொல்லை இருவகைப்படுத்தினார் தொல்காப்பியர். தமிழரின் சமையற் சொற்கள் இவ்விரு நிலைகளையும் ஒருங்கே காட்டுவன.

பழந்தமிழில் சமைத்தலுக்குரிய தலையாய சொல் ‘அடுதல்’. கொல்லுதல், வெல்லுதல் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. தீயில் ஒரு பொருள் தன் இயல்பு அழிந்து வேறொன்றாகிறது. போரில் பகை அழிகிறது. போர்க்களத்தையே அடுகளமாகக் கண்டு பாடிய களவேள்வி மரபுக்கு இச்சொல்லின் இருபொருளும் துணைநின்றது. ‘மடை’ என்னும் சொல்லும் இத்தகையதே. நீர் பாயும் வழியும் மடை. தெய்வத்துக்குப் படைக்கும் உணவும் மடை. கோயிலின் மடைப்பள்ளியும் சமையற்கலை பேசும் மடைநூலும் அதன்வழிப் பிறந்தவை. சமைப்போனைக் குறித்த ‘மடையன்’ என்னும் வடிவமோ இன்று வசைமொழியாக மட்டுமே வழங்குகிறது.

இச்சொற்களின் ஆழத்தை அறிய விழையும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தார் தொலைவில் தேட வேண்டுவதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை இம்மண்ணின் பாட்டு. 269 அடிகளில் இதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனம் நகருள் அடங்கியுள்ளது. அவனது எயிற்பட்டினத்தை மரக்காணமாக அறிஞர் கொள்வர். 1889-இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபின், இவ்வூர்களின் பழைய உணவும் அவ்வுணவுக்குரிய சொற்களும் அச்சில் நிலைபெற்றன.

பாட்டில் முதலில் காட்டப்படுவது வறியவரின் அட்டில். அடுதல் நிகழும் இல்லம் என்பது அச்சொல்லின் பொருள். அங்கோ அடுதல் நிகழவில்லை. சுவரைக் கறையான் அரித்திருக்கிறது, காளான் பூத்திருக்கிறது, அண்மையில் ஈன்ற நாய், பாலற்ற முலையைக் குட்டிகள் பற்றுவதைப் பொறாது குரைக்கிறது. பசியால் இடை மெலிந்த கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டால் இகழ்வரே என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அவ்வுணவைப் புலவர் ‘அடிசில்’ என்னவில்லை. ‘வெந்தது’ என்றே சொல்கிறார். உப்பும் இல்லாத ஒன்றுக்கு வெந்தது என்பதைவிட வேறு பெயர் இல்லை போலும்.

பின்னர், பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியெல்லாம் உணவு காத்திருக்கிறது. எயிற்பட்டினத்தில், உறங்கும் ஒட்டகங்கள்போல் கரையில் ஒதுங்கிய நறுமண மரங்களை விறகாக்கித் தீ மூட்டுகின்றனர்; அங்குக் கிடைப்பது உலர்ந்த குழல்மீனின் ‘சூடு’. வேலூரில் எயினர் மகளிர் அட்ட புளிச்சோறும் ஆமானின் சூடும் உண்டு. புளியமரக் காடு என்று பெயர்ப்பொருள் கூறப்படும் திண்டிவனத்தின் சுற்றுவட்டத்தில் அன்றே புளிச்சோறு மணந்தது என்பது இன்சுவைச் செய்தி. ஆமூரில் குற்றிய அரிசியின் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கின்றன. நிலம் மாறுந்தோறும் உணவு மாறுகிறது; உணவு மாறுந்தோறும் சொல்லும் மாறுகிறது.

இறுதியில் நல்லியக்கோடன் பொற்கலத்தில், வீமனின் சமையல் நூல்நெறி வழுவாத பல்வகை உணவைத் தானே நின்று ஊட்டுகிறான். இங்கேதான் ‘அடிசில்’ என்னும் சொல்லை ஆள்கிறார் நத்தத்தனார். அட்டில், அடிசில் இரண்டும் ‘அடு’ என்னும் ஒரே வேரில் பிறந்தவை. அடுதலுக்கு இடம் இருந்தும் அடுபொருள் இல்லாத வறுமையில் தொடங்கிய பாட்டு, அடுதலின் பயன் கலத்தில் நிறையும் வளத்தை நோக்கி நடக்கிறது. பாணனின் பயணம் முழுவதையும் இவ்விரு சொற்களுக்கு இடையே அடக்கிவிடலாம். இரண்டையும் ‘சமையல்’ என்று மொழிபெயர்த்தால் உறவு தெரியாது. உறவு தெரியாதபோது வேறுபாட்டின் துயரமும் தெரியாது.

இடைக்காலத்தில் கோயில்கள் வேறொரு சொல்லை முன்னிறுத்தின. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்விச்சாலைக்கு நெல் அளந்த செய்தியைக் கூறுகிறது. அக்காலக் கல்வெட்டுகளில் இறைவனுக்குரிய சோறு திருவமுது, தொடுகறி கறியமுது, நெய் நெய்யமுது, வெற்றிலையோடு இடும் பாக்கும் அடைக்காயமுது. பயன்படும் பொருள் ஒன்றே. உண்பவர் மாறியதால் பெயர் உயர்ந்தது.

‘சமை’ என்பதன் வரலாறு வேறு. ஆயத்தமாதல், அமைதல், உருப்பெறுதல் என்பன அதன் பொருள்கள். பூப்பெய்திய பெண்ணைச் ‘சமைந்தாள்’ என்பதிலும், புத்துலகம் சமைப்போம் என்று கவியரங்குகளில் முழங்குவதிலும் அப்பொருளே நிற்கிறது. அடுதல் வழக்கொழிய, அதன் இடத்தை இச்சொல் நிரப்பியது. நிரப்பியதில் குறையில்லை, ஏனைய சொற்களையும் அது விழுங்கிவிடுவதே கவலைக்குரியது. ஊர்ப்புறத் தாய்மார் கூழைக் காய்ச்சுவர், களியைக் கிண்டுவர், கீரையைக் கடைவர், குழம்பை வைப்பர், கருவாட்டைச் சுடுவர், வேர்க்கடலையை வறுப்பர், கிழங்கை அவிப்பர். ஒவ்வொரு வினையும் கலம், நீர், தீ, கை ஆகியவற்றின் அளவை உள்ளடக்கிய ஓர் அறிவு. கூழைச் ‘சமைத்தாள்’ என்று ஒரு கவிஞர் எழுதினால் அவ்வறிவில் ஒன்று குறைந்துவிடுகிறது.

இம்மண்ணின் பேச்சில் இன்றும் ‘சோறாக்குதல்’ என்னும் தொடர் வாழ்கிறது. நூல் இயற்றியவரைத் தமிழ்ப் பாயிர மரபு ‘ஆக்கியோன்’ என்றே குறிக்கிறது. உலையின்முன் நிற்பவளுக்கும் ஏட்டின்முன் அமர்பவருக்கும் தமிழ் அளித்த வினை ஒன்றே. ஆக்கியோர் தம் சொல்லைத் தேடிச் செல்ல வேண்டிய இடங்களுள் முதன்மையானது சோறாக்குபவளின் அடுப்படி.